ஸ்பாரோ: மதிப்பெண் தெரிகிறது, கருத்து கிடைப்பதில்லை

மத்திய அரசு ஊழியர்களின் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கைக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஸ்பாரோ தளத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். சுயமதிப்பீட்டை ஏப்ரல் 15-க்குள் எழுதி அனுப்ப வேண்டும், மேலதிகாரி ஜூன் 30-க்குள் மதிப்பெண்ணும் கருத்தும் பதிய வேண்டும், அடுத்தது மறுஆய்வு, அதன்பின் முழு அறிக்கையும் ஊழியருக்கே காட்டப்படும்.

இப்படிக் காட்டுவதன் அருமை, இந்த அறிக்கை ஊழியரின் கண்ணில் படாத ரகசியக் குறிப்பேடாக இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கே முழுமையாகத் தெரியும். அன்று பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். ‘நன்று’ என்ற தரம் பாதகமல்ல என்பதால் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும் என்ற விதி வரும்போது, அந்த ஒரு சொல்லே வாசலை அடைத்துவிடும். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத்துக்கு 1993-94-ஆம் ஆண்டின் குறிப்பால் நேர்ந்தது இதுதான். அவர் தொடுத்த வழக்கில், எந்தத் தரக் குறிப்பானாலும் உரியவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டி, முறையிட 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்ற அரசாணை 2009 மே மாதம் வந்தது.

காகிதக் காலத்தில் என்னுடைய ஓராண்டு அறிக்கை எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடி நான் பலமுறை மாடிப்படி ஏறியிருக்கிறேன். இன்று அது யாரிடம் நிலுவையில் இருக்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே இத்தளத்தை மனமாரப் பாராட்டுவேன்.

குறை, அறிக்கையின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. பணி நிறைவேற்றத்துக்கு 40 விழுக்காடு, தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30 என்று பகுத்து, 10-க்கு இத்தனை என மதிப்பெண் கேட்கும் படிவம், அதிகாரி தம் சொற்களில் எழுதவும் இடம் தருகிறது. என் கண்ணில் படிவத்தின் உயிரே அந்தக் கட்டம்தான். ஒருமுறை எங்கள் பிரிவில் மூவர் அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, “கடின உழைப்பாளி, நேர்மையானவர்” என்ற வரி மூவருக்கும் எழுத்து மாறாமல் இருந்தது. மூவருக்கும் 8-க்கு மேல் மதிப்பெண் என்பதால் யாரும் முறையிடவில்லை. ஆனால் ஓராண்டு உழைப்பில் எது சரி, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வரியிலிருந்து எங்களில் ஒருவரும் அறிய முடியவில்லை. பேசித் தீர்க்க வேண்டியதை ஆண்டு முடிந்த பிறகு ஒரு கட்டத்துக்குள் அடைக்கச் சொல்வதால் வரும் வினை இது.

வேறொரு அதிகாரி, என் வரைவுக் கடிதங்கள் தெளிவாக இருப்பதாகவும், தணிக்கை ஆட்சேபங்களுக்குப் பதில் வராதபோது நினைவூட்டு அனுப்ப நான் தாமதிப்பதாகவும் நான்கு வரி எழுதியிருந்தார். மறுவாரமே அதற்கென ஒரு பதிவேடு தொடங்கினேன். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்தது 7 மதிப்பெண்தான். நான் அச்செடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கும் அறிக்கை அது ஒன்றே.