வாயிற்கூட்டத்துக்கு ஒரு மெகாபோன்: முழக்கம் எடுபடுகிறதா?

சென்னை ரிச்சி தெருவில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 25 வாட் மெகாபோன் ஒன்றை எங்கள் தொழிற்சங்கக் கிளைக்காக வாங்கி, பணியிட வாயிலில் நடத்தும் வாயிற்கூட்டங்களிலும் வள்ளுவர் கோட்டம் அருகே நடந்த கண்டன ஆர்ப்பாட்டத்திலும் பயன்படுத்தினோம். ஒரே வார்ப்பில் செய்து வெவ்வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் ரகம் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

இதன் கூம்பு கனத்த ஒலியைக் கைவிட்டு, நடுத்தர, உயர் ஒலிகளையே முன்னே தள்ளுகிறது. அடித்தொண்டையில் கர்ஜிப்பவர்களைவிடக் கணீர்க்குரல் கொண்டவர்களே இதில் எடுபடுகிறார்கள். எங்கள் கிளையில் முழக்கம் எழுப்பும் பொறுப்பு பெண் தோழர்களிடம் போனதற்கு இந்தக் கருவியும் ஒரு காரணம். ஒலியளவுத் திருகைப் பாதிக்கு மேல் சற்றுக் கூட்டினால் முழக்கம் முழக்கமாகவே கேட்கிறது. முழுவதும் திருகினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. பக்கத்துச் சுவரில் பட்டு ஒலி திரும்பிவிட்டால் காதைக் கிழிக்கும் கீச்சொலியும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையான குறை, பேசும்போது அழுத்திப் பிடிக்க வேண்டிய விசையில் இருக்கிறது. விசையை அழுத்திய பிறகு ஒலி வெளிவரக் கண நேரம் பிடிப்பதால், அவசரத்தில் தொடங்குபவரின் முதல் எழுத்து காணாமல் போகிறது. 'அநியாயம், அநியாயம்' என்று எங்கள் செயலாளர் தொடங்க, நிர்வாகக் கட்டடம் வரை கேட்டது 'நியாயம், அநியாயம்' என்பதே. அதே விபத்தில் 'அநீதி' நீதியாகவும் மாறக்கூடும். விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டால் 'ஒழிக' என்பது 'ஒழி' என்று முடிந்து, சபிப்பதைப் போல ஒலிக்கிறது. அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு தொடங்குவதே வழி.

ஒரே கோரிக்கையைச் சொல்லப் பல சொற்கள் இருந்தாலும் இக்கருவி எல்லாவற்றையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. 'பணிநீக்கத்தைத் திரும்பப் பெறு' என்பதில் கடைசிச் சொல் தேய்ந்துவிடுகிறது. 'ரத்து செய்' ஓரளவு போய்ச் சேருகிறது. 'வாபஸ் வாங்கு' நெட்டெழுத்துகளின் பலத்தால் சாலையின் எதிர்ப்புறம் வரை தெளிவாகக் கேட்கிறது. தனித்தமிழ் ஆர்வலரான எங்கள் பொருளாளருக்கு இதில் வருத்தம்தான். 'கண்டிக்கிறோம்' என்பதற்கு ஈடான சொல் இன்னும் கிடைக்கவில்லை: இரட்டித்த ககரமும் நீண்டு முடியும் ஓகாரமும் கூட்டத்தின் பதிற்குரலுக்கு வாகாக அமைகின்றன.

சைரன் பொத்தான் வீண். அதை அழுத்தினால் ஆம்புலன்ஸ் என்று நினைத்துக் கூட்டமே வழிவிட்டு ஒதுங்குகிறது. குரலைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கும் வசதியும் உண்டு என்றாலும், பதிவுக்குப் பதில் முழங்க யாருக்கும் உற்சாகம் வருவதில்லை.

மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், ஒலிபெருக்கியைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் தடை உண்டு. ஆகவே, ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்கும் மனுவிலேயே இதையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

நூறு பேர் வரையிலான கூட்டத்துக்கு இது தாராளம். பேரணிக்கும் சாலை மறியலுக்கும் வாடகை ஒலிபெருக்கியையே அமர்த்துங்கள்.