இரட்டையருக்குத் துணி நப்பி: திருகோணமலையின் வெயிலிலும் மாரியிலும் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் இரட்டைப் பிள்ளைகள் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தார்கள். அவ்வாண்டு மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர், ஒருமுறை கட்டிவிட்டு எறியும் இறக்குமதிப் பம்பஸின் விலை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஏறியிருந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துத் தடவையளவில் மாற்ற நேரும் என்பதால், இரண்டு பேருக்கும் சேர்த்து அது இருபதை எட்டிவிடும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் நாங்கள் துணி நப்பிக்கு மாறினோம். பிள்ளைகள் கழிப்பறைக்குப் பழகும் வரை அதையே பிரதானமாகப் பயன்படுத்தினோம்.

நாங்கள் வாங்கியவை, நீர் கசியாத மேலுறைக்குள் உறிஞ்சு துணியைச் செருகும் பொக்கெட் வகை நப்பிகள். ஒரே அளவாக விற்கப்படும் இவை பொதுவாக 3 முதல் 15 கிலோ வரையான குழந்தைகளுக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். இரட்டையர் பலர் அந்த 3 கிலோவைத் தொடாமலேயே பிறக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தொடை மெலிந்திருந்ததால் இறப்பர் ஓரம் ஒட்டி நிற்காமல் பக்கவாட்டில் கசிந்தது. அவர்கள் உடம்பு வைக்கும் வரை, மாமி பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்துத் தந்த சதுரத் துணிகளே கைகொடுத்தன.

உறிஞ்சு துணியைத் தெரிவு செய்வதில்தான் அதிக கவனம் வேண்டும். மைக்ரோஃபைபர் விரைவாக உறிஞ்சும். ஆனால் குழந்தையை மடியில் இருத்தியதும் அந்த அழுத்தத்தில் ஈரத்தை வெளியே விட்டுவிடும். மூங்கில் நாரிழைத் துணி நிறைய ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்றாலும் காய்வதற்கு நெடுநேரம் எடுக்கும். இந்த இரண்டாவது குணம் எவ்வளவு முக்கியமானது என்பதைத் திருகோணமலையில் ஓர் ஆண்டு முழுவதும் துவைத்துக் காயப்போடுபவர்கள் நன்றாக உணர்வார்கள்.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் எனப்படும் வறண்ட காற்று வீசும் காலத்தில், காலையில் கொடியில் போட்ட துணி மதியச் சமையல் முடியும் முன்னர் மொரமொரப்பாகக் காய்ந்துவிடும். மஞ்சள் கறைகளையும் வெயிலே வெளுத்துவிடும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஜனவரி வரை ஓயாமல் கொண்டுவரும் மழையிலும் கடலோர ஈரப்பதத்திலும், தடித்த உறிஞ்சு துணிகள் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழே தொங்கியும் மறுநாள் வரை ஈரமாகவே இருந்தன. பல மடிப்புகளைச் சேர்த்துத் தைத்த துணியின் நடுப்பகுதிக்குக் காற்றுப் போகாது என்பதே காரணம். விரித்தால் ஒற்றைத் துணியாகும் மாமியின் சதுரத் துணிகளோ அதே அறையில் அதே இரவில் காய்ந்துவிட்டன. எனவே மாரிகாலம் முழுவதும் அவற்றையே மடித்து மேலுறைக்குள் செருகினோம். இந்த ஊரில் இரட்டையரை வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: விலை கூடிய உறிஞ்சு துணிகளைக் குறைத்து, பருத்திச் சதுரங்களை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பது கடினமான வேலைதான். அதை நான் மெருகூட்டிச் சொல்ல மாட்டேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது சலவை இயந்திரம் பெயருக்கு மட்டுமே இருந்தது. கணவரும் நானும் முறைவைத்துக் கையால் துவைத்தோம். மலத்தைக் கழிப்பறையில் அகற்றி உடனே ஒருமுறை அலசிவிட்டால் பாதிச் சிரமம் குறையும். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் உறிஞ்சும் தன்மை கெடும். உவர்த்தன்மையுள்ள கிணற்று நீரில் துவைத்தால் சவர்க்காரம் முழுமையாகப் போகாமல் துணி விறைத்து நாறத் தொடங்கும். குழாய் நீர் வரும் வேளையில் கடைசி அலசலையாவது அதில் செய்வது நல்லது.

இரவில் நாங்கள் பம்பஸையே பயன்படுத்தினோம். ஒரு பிள்ளை நனைந்து அழுதால் மற்றப் பிள்ளையும் எழுந்துவிடும் வீட்டில், தாயின் இரண்டு மணிநேரத் தொடர்ச்சியான உறக்கத்துக்கு அந்தச் செலவு தகும் என்று உறுதியாக நம்புகிறேன். தோல் தடிப்பைப் பொறுத்தவரை துணிக்கும் பம்பஸுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எதுவானாலும் நேரத்துக்கு மாற்றுவதே தீர்மானித்தது. தொடை மடிப்புகளில் கடும் சிவப்பும் அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளும் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மேலுறைகளில் பெரும்பாலானவற்றின் இறப்பர் இப்போது தளர்ந்துவிட்டது. வெயிலில் நேரடியாகக் காயப்போட்டவையே முதலில் பழுதாகின. நிழலில் உலர்த்தியவை இன்னும் இழுவிசையோடு இருக்கின்றன. இரண்டாம் கையாக வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்காமல் கால் ஓரத்தை இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.