காரில்லாமல் கோட்டை ஊர்கள்: நூரம்பெர்க்கிலிருந்து ஒருநாள் பயணங்கள்

2022 கோடையில் ஜெர்மனியில் 9 யூரோவுக்கு ஒரு மாதப் பயணச்சீட்டு விட்டார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்றே மாதம்தான். அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. வார இறுதி வந்தால் நூரம்பெர்க்கிலிருந்து கிளம்பி, மதில் சூழ்ந்த ஏதாவது ஒரு சின்ன ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடுவேன். கார் கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை. ஊரிலிருந்து வருகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ரொமான்டிக் ரோடு பார்க்கணும், கார் இல்லாம முடியுமா?" முடியும். ஆனால் அந்த ரோட்டின் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் முடியாது.

ரொமான்டிக் ரோடு என்பது 1950இல் சுற்றுலாவுக்காகப் பெயர் வைத்துக் கோத்த சாலை. வடக்கே வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி, தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஃபுஸனில் முடியும். நடுவில் ரோத்தன்பர்க், டிங்கல்ஸ்பூல், நோர்ட்லிங்கன் என்று மதில் குலையாத மூன்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். காரில் போகிறவர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று முடித்துவிடுவார். ரயில் பாதைகள் அந்தச் சாலையோடு சேர்ந்து போவதில்லை, அங்கங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அதனால் வரைபடத்தில் விரற்கடை தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே அரை நாள் போய்விடும்.

இந்த ஊர்கள் பழசு மாறாமல் நிற்பதற்கும் அங்கே ரயில் சரியாகப் போகாததற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு இவற்றின் வணிகம் படுத்துவிட்டது. மதிலை இடித்து ஊரைப் பெருக்கப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டவர்கள் பெரிய நகரங்களை இணைத்துக்கொண்டு போனார்கள். ரோத்தன்பர்க்குக்கு 1873இல் ஒரு கிளைப் பாதை கிடைத்தது. டிங்கல்ஸ்பூலுக்கு 1876இல் வந்த ரயில், பயணிகளைப் பொறுத்தவரை 1985இல் நின்றேபோனது. நோர்ட்லிங்கன் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. 1849இலேயே பெரிய பாதை அதன் வழியாக வந்தது. ஆனால் 1906இல் டோனாவெர்த்திலிருந்து ட்ராய்ஷ்ட்லிங்கனுக்கு நேர்ப்பாதை திறந்ததும் அதுவும் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஆகவே நான் முதலில் பாதையைத் தேர்ந்தெடுப்பேன், அப்புறம்தான் ஊர். வூர்ட்ஸ்பர்க்குக்கும் அன்ஸ்பாக்குக்கும் இடையே ஓடும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இந்த வட்டாரத்திலேயே காசுக்கும் நேரத்துக்கும் மிக நியாயம் செய்கிற பாதை இதுதான். மைன் ஆற்றங்கரையில் ஒக்சன்ஃபர்ட் வரும். அங்கே நகர மன்றத்தின் மேல் மணியடிக்கும்போது பொம்மைகள் அசைகிற பழைய கடிகாரம் உண்டு. அடுத்தாற்போல் மார்க்ட்பிரைட். மறதி நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அலோய்ஸ் அல்சைமர் 1864இல் பிறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே ஷ்டைனாக். அங்கே இறங்கி எதிரே நிற்கும் சின்ன ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் ரோத்தன்பர்க். ஒரே பாதையில் மூன்று ஊர். மூன்றையும் ஒரே நாளில் அடக்குவது மட்டும் வேண்டாம். இரண்டு போதும்.

நூரம்பெர்க்கிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக அன்ஸ்பாக் வழியாக ஷ்டைனாக் வருவார்கள். நான் போகும்போது அந்த வழியில் போய், திரும்பும்போது ஷ்டைனாக்கிலிருந்து பாட் விண்ட்ஸ்ஹைம் வழியாக நொய்ஷ்டாட் வந்து நூரம்பெர்க் ரயிலைப் பிடிப்பதுண்டு. ஒரு வட்டம் மாதிரி. பாட் விண்ட்ஸ்ஹைமில் பழைய கிராம வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்திய பெரிய திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ரோத்தன்பர்க் கூட்டம் அலுத்துப்போனவர்களுக்கு அது நல்ல மாற்று.

ரோத்தன்பர்க்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், எனவே காரில்லாதவர் கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறேன். ஸ்டேஷன் ஊருக்குக் கிழக்கே, ஊர் இருக்கும் அதே மேட்டில் இருக்கிறது. ஏற்றம் கிடையாது. பத்து நிமிடம் நடந்தால் கோட்டை வாசல். காலை பத்து மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து குவியும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அதே வேகத்தில் கலையும். நடுப்பகலில் கடைத்தெருவில் முண்டியடிப்பதற்குப் பதில் மதில் மேல் ஏறிவிடுங்கள். கூரை போட்ட நடைபாதை, இலவசம். சில பகுதிகளில் சுவரெங்கும் பெயர் பொறித்த கற்கள் பதித்திருப்பார்கள். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் கிழக்குப் பகுதியும் மதிலின் ஒரு பகுதியும் நொறுங்கின. அதைத் திரும்பக் கட்ட உலகெங்குமிருந்து பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. யாக்கோபு தேவாலயத்தில் மேல்தளத்துக்குப் படியேறினால் டில்மன் ரீமன்ஷ்னைடர் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் செதுக்கிய மரப் பீடம் இருக்கிறது. கடைசி இரவு உணவுக் காட்சியில் யூதாசை நட்டநடுவே நிறுத்தியிருக்கிறார். கட்டணம் உண்டு, கொடுக்கலாம். ஷ்னேபாலன் என்று ஜன்னல் ஜன்னலாக அடுக்கியிருக்கும் மாவு உருண்டையை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பார்வைக்கு இருக்கும் அழகு வாயில் இல்லை.

இரவுக் காவலாளி வேடத்தில் ஒருவர் விளக்கோடு ஊரைச் சுற்றிக்காட்டுவார். ஆங்கிலத்தில் எட்டு மணிக்குத் தொடங்கும், ஒரு மணி நேரம் போல ஓடும். முடிந்தபின் ஷ்டைனாக்குக்கு ரயில் இருக்கிறதா, அதற்குமேல் இணைப்பு இருக்கிறதா என்று அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பகலில் மணிக்கொரு ரயில் என்று நினைத்துக்கொண்டு இரவிலும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரு விதி: திட்டத்தைத் திரும்பி வருவதிலிருந்து போடுவேன். அன்றைக்குக் கடைசி இணைப்பு எது, அதற்கு முந்தையது எது என்று முதலில் பார்ப்பேன். முந்தையதைத்தான் என் ரயிலாக வைத்துக்கொள்வேன். கடைசி ரயில் காப்பீடு மாதிரி, பையில் கிடக்கட்டும்.

டிங்கல்ஸ்பூல் வேறு கதை. போர்களில் பெரிதாக அடிபடாத ஊர். 1499இல் கட்டி முடித்த கியோர்க் தேவாலயம், அதைச் சுற்றி வண்ண வண்ணக் கூரைமுகப்பு வீடுகள். அழகில் ரோத்தன்பர்க்குக்குக் குறைந்ததில்லை, கூட்டமோ அதில் பாதிகூட இல்லை. ஆனால் பஸ்தான் கதி. அன்ஸ்பாக் பக்கமிருந்தும் டோம்ப்யூல் ஸ்டேஷனிலிருந்தும் போகலாம். வார நாட்களில் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கை எண்ணிக்கைதான். அதைவிட முக்கியம், அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது. சில பஸ்கள் பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். இந்த ஊர்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கோடை விடுமுறை ஆகஸ்ட் தொடங்கி செப்டம்பர் நடுவரை போகும், சரியாக நீங்கள் சுற்ற நினைக்கும் காலம். சில பஸ்கள் ரூஃப்பஸ் வகை. முன்கூட்டியே போனிலோ ஆப்பிலோ சொல்லி வைத்தால்தான் வரும், சும்மா நிறுத்தத்தில் நின்றால் வராது. நோர்ட்லிங்கனிலிருந்து பழைய பாதையில் சில நாட்களில் ரயில் அருங்காட்சியகத்தார் பழங்கால ரயில் விடுவார்கள். அது கிடைத்தால் அனுபவிக்கலாம், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

நோர்ட்லிங்கனை டிங்கல்ஸ்பூலோடு சேர்க்காமல் டோனாவெர்த்தோடு சேர்த்துப் பாருங்கள், எல்லாம் சுலபமாகிவிடும். நூரம்பெர்க்–ஆக்ஸ்பர்க் பாதையில் டோனாவெர்த்தில் இறங்கி கிளை ரயில் மாற வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம் பக்கம் ஆகும். வழியில் ஹார்பர்க் வருகிறது. மலைமேல் கோட்டை, ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடை. நோர்ட்லிங்கன் சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். பள்ளத்தின் குறுக்களவு 25 கிலோமீட்டர் அளவு. 1970இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் நிலவுப் பாறைகளை அடையாளம் காணப் பழகியது இங்கேதான். டானியல் கோபுரம் 90 மீட்டர், 350 படி. மேலே நின்று பார்த்தால் வட்டமான ஊரும், அதற்கப்பால் பள்ளத்தின் விளிம்பாக எழும் குன்றுகளும் தெரியும். மதில் மேல் முழுச் சுற்றும் விடாமல் நடக்கலாம், 2.7 கிலோமீட்டர். கோபுரக் காவலர் இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை அரை மணிக்கொரு முறை மேலிருந்து குரல் கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு ரயில் பிடித்து வீட்டுக்கு வரும் ஆசை வேண்டாம். தங்கிவிடுங்கள். அதே பெரிய பாதையில்தான் வைசன்பர்க்கும் இருக்கிறது. ரோமானியர் காலத்துக் குளியல் இல்லம், நன்றாக நிற்கும் மதில், எல்லிங்கர் வாசல். அரை நாளுக்குச் சரியான ஊர்.

யாரும் கேட்காத ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இஃபோஃபன். நூரம்பெர்க்–வூர்ட்ஸ்பர்க் நேர் ரயில், மாறவே வேண்டாம். மதில் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, கோணல்மாணலாக நிற்கும் ரோடல்சீர் வாசல் இருக்கிறது, சுற்றிலும் சில்வானர் திராட்சைத் தோட்டங்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து கழிக்கலாம். ஆம்பெர்க்கும் எனக்குப் பிடித்த ஊர். ஆற்றின் மேல் இரண்டு வளைவாக நிற்கும் மதில் பாலத்தின் நிழல் தண்ணீரில் விழும்போது மூக்குக்கண்ணாடிபோல் தெரியும். அங்கே போகிற ரயிலில் ஒரு எச்சரிக்கை: நொய்கிர்ஷனில் ரயில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி ஆம்பெர்க் பக்கம், இன்னொரு பாதி வைடன் பக்கம். ஏறும்போதே பெட்டியின் பலகையைப் படித்துவிடுங்கள். இந்தப் பிரிகிற வித்தை பவேரியாவில் பல பாதைகளில் உண்டு.

டிக்கெட்டைப் பற்றி. இங்கேயே வசிப்பவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026இல் 63. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசிஇ, ஐசி என்கிற நெடுந்தூர விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா, நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு எடுத்துக்கொடுப்பவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேராக ஒருநாள் மட்டும் போவதென்றால் பவேரியாவுக்கான ஒருநாள் சீட்டான பயர்ன் டிக்கெட் மலிவு. ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம், வார நாட்களில் காலை 9 மணிக்குமேல்தான் செல்லும், வார இறுதியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரயில் தாமதமானால் ஐசிஇயில் ஏறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை இந்த இரண்டு டிக்கெட்டுக்கும் கிடையாது.

ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் வட்டார ரயில்களை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். மாறுவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் வேண்டும் என்றும் சொல்லலாம். நான் பத்து நிமிடத்துக்குக் குறைவாக வைப்பதில்லை. ஷ்டைனாக் மாதிரி எதிரெதிரே நிற்கும் இடங்களுக்கு அது அதிகம்தான். ஆனால் குழந்தை வண்டியோடு பிளாட்பாரம் மாறி, லிஃப்ட் வேலை செய்யாத ஸ்டேஷனில் படியேறி இறங்கிப் பார்த்தால் தெரியும். நூரம்பெர்க்கைச் சுற்றி பஸ்களுக்கு இந்த வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பான விஜிஎன்னின் ஆப் இன்னும் துல்லியம்.

பெரிய தலைவலி பராமரிப்புக் காலத்தில் ரயிலுக்குப் பதில் விடும் பஸ்தான். மூன்று எழுத்தில் எஸ்இவி என்று போட்டிருக்கும். கோடை விடுமுறையில் இது நிச்சயம் எங்காவது இருக்கும். நேரம் கூடுவது ஒருபுறம், அந்த பஸ் எங்கே நிற்கும் என்பது இன்னொருபுறம். ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை, சில ஊர்களில் அடுத்த தெருவில் நிற்கும். பயணத்துக்கு முந்தின நாள் இரவு ஒரு தடவை, காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை அட்டவணையைப் பார்ப்பது என் வழக்கம். அதன்பிறகு வருவது வரட்டும்.

பெரியவர்களோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தெருவெல்லாம் உருட்டுக்கல் பாவியிருக்கும். அம்மா வந்திருந்தபோது "இந்தக் கல்லுல நடந்தா முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ இல்லாமல் அழைத்துப்போக வேண்டாம். நோர்ட்லிங்கன், இஃபோஃபன் இரண்டும் சமதளம். சின்ன ஊர்களில் மதிய உணவு இரண்டு மணிக்கு முடிந்துவிடும், சமையலறை திரும்பத் திறக்க ஐந்தாகும். திங்கள், செவ்வாயில் பல உணவகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விடுமுறை. ஞாயிறு மளிகைக் கடை இருக்காது. சைவம் என்றால் கேஸ்ஷ்பேட்ஸ்லே என்கிற சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி பண்டம் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் வறுத்த வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் கட்டுச்சோறு கொண்டுபோய்விடுவேன்.

இன்னும் கையில் சிக்காத ஊர் கிரெக்லிங்கன். ரோத்தன்பர்க்கிலிருந்து இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ரீமன்ஷ்னைடரின் இன்னொரு அருமையான பீடம் அங்கே இருக்கிறது. ஆனால் மாநில எல்லைக்கு அந்தப்பக்கம், ரயில் கிடையாது, வார இறுதியில் என் நேரத்துக்குப் பொருந்துகிற பஸ்ஸும் அமையவில்லை. வார நாளில் ஒரு லீவு போட்டு, பள்ளி திறந்திருக்கும் வாரமாகப் பார்த்துப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.