ரெடாக்ஸா, இல்லையா? கண்டுபிடிக்க மூன்று வழிகள்

மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் கரைசலில் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தைச் சில துளி விட்டால், கரைசல் சட்டென்று ஆரஞ்சாகிவிடும். நிறமே மாறிவிட்டதே, இது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைதான், அதாவது ரெடாக்ஸ்தான் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அது ரெடாக்ஸ் இல்லை. இதை எந்த வழியில் பார்த்தால் பிடிபடும் என்பதுதான் கேள்வி.

முதல் வழி, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எங்கே போகின்றன என்று பார்ப்பது. ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம், போனால் ஒடுக்கம். ஹைட்ரஜனுக்கு நேர் எதிர். மக்னீசியம் எரிவதற்கும், சூடான காப்பர் ஆக்சைடு மீது ஹைட்ரஜனைச் செலுத்துவதற்கும் இது அழகாகப் பொருந்தும். குரோமேட்டிடம் கொண்டுபோனால்தான் வம்பு. குரோமேட்டில் ஒரு குரோமியத்துக்கு நான்கு ஆக்சிஜன். அமிலம் விட்டதும் உருவாகும் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டில் இரண்டு குரோமியத்துக்கு ஏழு, அதாவது தலைக்கு மூன்றரை. ஆக்சிஜன் குறைந்துவிட்டது, எனவே ஒடுக்கம் என்று இந்த வழி தீர்ப்பு சொல்லும். தவறான தீர்ப்பு.

இரண்டாவது வழி எலக்ட்ரான் கணக்கு. நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டு வைத்தால், நீலம் மெல்ல வெளுக்கும், துண்டின் மேல் செம்பு படியும். ஆக்சிஜன் எங்கும் இடம் மாறவில்லை. சல்பேட் சும்மா வேடிக்கை பார்க்கிறது. துத்தநாகம் இரண்டு எலக்ட்ரானை விட்டது, காப்பர் அயனி அதை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அயனிகள் வெளிப்படையாகத் தெரியும் வினைகளுக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை. சரி, ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு ஆகிறதே, அங்கே யார் யாருக்குக் கொடுத்தார்? இரண்டும் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. யாரும் முழுசாகக் கைவிடவில்லை. இந்த வழி இங்கே தடுமாறுகிறது.

மூன்றாவதான ஆக்சிஜனேற்ற எண், உள்ளபடி சொன்னால், ஒரு பாவனைக் கணக்கு. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை எல்லாம் எலக்ட்ரான் கவர்தன்மை அதிகமுள்ள அணுவுக்கே எழுதிவைத்துவிட்டு, மிச்சம் என்ன மின்சுமை நிற்கும் என்று பார்க்கிறோம். பாவனை என்பதாலேயே அது எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறது. ஹைட்ரஜன் 0-இலிருந்து +1, குளோரின் 0-இலிருந்து −1: ரெடாக்ஸ். குரோமியம் இரு பக்கமும் +6, ஆக்சிஜன் −2, ஹைட்ரஜன் +1, எதுவும் அசையவில்லை: ரெடாக்ஸ் இல்லை. எது எவ்வளவு மாறியது என்பதும் கூடவே கிடைக்கும். பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜன் −8, ஆகவே மாங்கனீசு +7. அமிலக் கரைசலில் அது +2 ஆக இறங்குகிறது, ஐந்து படி. அதனோடு வினைபுரியும் இரும்பு அயனி +2-இலிருந்து +3-க்கு ஒரே படி ஏறுகிறது. ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு அயனி என்பது அங்கேயே வந்துவிட்டது.

ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது இன்னொரு வேடிக்கை. அதில் ஆக்சிஜன் −1. ஒரு பகுதி நீரில் −2 ஆகிறது, இன்னொரு பகுதி ஆக்சிஜன் வாயுவாக 0 ஆகிறது. ஒரே தனிமம் ஏறவும் செய்கிறது, இறங்கவும் செய்கிறது.

விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இந்த வழியும் காலை வாரும். ஒரு குரோமியமும் ஐந்து ஆக்சிஜனும் கொண்ட நீல நிறப் பெராக்சைடுச் சேர்மத்தில் எல்லா ஆக்சிஜனையும் −2 என்று வைத்தால் குரோமியத்துக்கு +10 வரும். அதனிடம் இருப்பதோ ஆறே இணைதிற எலக்ட்ரான்கள், அதாவது பிணைப்புக்குப் பயன்படக்கூடியவை. நான்கு ஆக்சிஜன் பெராக்சைடு வகை, ஒவ்வொன்றும் −1 என்று திருத்தினால் மறுபடி +6. அமைப்பு தெரியாமல் எண்ணை நம்பக்கூடாது.

கரிம வேதியியலில் மட்டும் நான் முதல் வழிக்கே ஓட்டுப் போடுவேன். எத்தனால், அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் என்ற வரிசையில் முதல் படியில் ஹைட்ரஜன் போகிறது, அடுத்ததில் ஆக்சிஜன் வருகிறது, பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு கார்பனுக்கும் எண் போட்டுக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். எத்திலீனுடன் நீர் சேர்ந்து எத்தனால் ஆகும்போது மட்டும் கவனம்: ஆக்சிஜன் வந்தது உண்மை, ஆனால் கூடவே இரண்டு ஹைட்ரஜனும் வந்திருக்கிறது. கார்பனின் சராசரி எண் முன்பும் −2, பின்பும் −2.

தேர்வு அவசரத்தில் எண் போடுமுன் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு பக்கம் தனித்த தனிமமாகவும் மறுபக்கம் சேர்மத்திலும் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அது ரெடாக்ஸ்தான். கால்சியம் கார்பனேட், லெட் நைட்ரேட் இரண்டும் வெள்ளைத் திண்மங்கள். இரண்டையும் நன்றாகச் சூடாக்கினால் உலோக ஆக்சைடு மிஞ்சி வாயு கிளம்பும். முதலாவதில் வருவது கார்பன் டை ஆக்சைடு மட்டும், எந்த எண்ணும் மாறவில்லை. இரண்டாவதில் செம்பழுப்புப் புகையோடு ஆக்சிஜன் வாயுவும் வருகிறது: நைட்ரஜன் +5-இலிருந்து +4, ஆக்சிஜனில் ஒரு பங்கு −2-இலிருந்து 0.