5 மீட்டருக்கு அப்பால்: யூஎஸ்பி கேபிளை நீட்டும் வழிகள்

யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர் என்று வரம்பு வைத்ததற்கு சிக்னல் தேய்வது மட்டுமே காரணம் அல்ல. கணினி கேட்டதற்குச் சாதனம் குறித்த நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும்; ஒரு மைக்ரோ விநாடிக்குச் சற்றே கூடுதலான அவகாசம்தான். அது தாண்டினால் பதில் வரவில்லை என்றே கணினி எடுத்துக்கொள்ளும். எனவே எந்த வழியை எடைபோட்டாலும் தரவு நேரத்துக்குப் போய்ச் சேருமா, மின்சாரம் போதுமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சாதாரண நீட்டிப்பு கேபிளையே பலரும் முதலில் வாங்குகிறார்கள். யூஎஸ்பி விதிமுறை இதை அங்கீகரிப்பதில்லை. ஆனாலும் மூலக் கேபிளோடு சேர்த்து 5 மீட்டருக்குள் இருந்தால் பிரிண்டர் பெரும்பாலும் வேலை செய்யும். மவுஸ், கீபோர்டுக்கு 3 மீட்டர்தான் வரம்பு. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை மாட்டும்போதுதான் சிக்கல் தெரியும். கேபிளின் மேலுறையில் '28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி' என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். ஏடபிள்யூஜி என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் அளவு. இதில் 28 தரவுக் கம்பிகளுக்கு, 24 மின்கம்பிகளுக்கு. எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 5 மீட்டர் கேபிளில் மின்கம்பியும் 28ஆக இருந்தால், 500 மில்லி ஆம்பியர் ஓடும்போது போகவும் வரவும் சேர்த்து ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மிஞ்சும் 4 வோல்ட்டில் டிஸ்க் சுழல முயன்று, நின்று, மறுபடி முயலும். திரையில் தோன்றித் தோன்றி மறையும். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 24 கம்பியில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. வாங்கும்முன் அந்த எழுத்தைப் படியுங்கள்.

அடுத்தது ஆக்டிவ் கேபிள். இதன் முனையில் இருக்கும் சிப் ஒரே ஒரு போர்ட் கொண்ட ஹப்தான்; ஹப் என்பது ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி. கணினிக்கும் சாதனத்துக்கும் நடுவே 5 ஹப்கள் வரை அனுமதி உண்டு. ஆக, ஆறு துண்டு, துண்டுக்கு 5 மீட்டர் என்ற கணக்குப்படி 30 மீட்டர் வரை போகலாம். ஆனால் சிப்பும் மின்சாரம் தின்னும். 10 மீட்டரைத் தாண்டினால் அடாப்டர் செருகும் துளை உள்ளதையே வாங்க வேண்டும். நடுவழியில் மின்இணைப்பு கிடைத்தால், ஆக்டிவ் கேபிளைவிடத் தனி அடாப்டர் உள்ள சாதாரண ஹப்பே மேல் என்பேன். வேலை ஒன்றுதான், கூடவே சில போர்ட்கள் மிச்சம்.

இன்னும் தூரம் என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாக நீட்டும் பெட்டிகள் இருக்கின்றன. நல்லவை 50 மீட்டர், சில 100 மீட்டர்கூட எட்டும். சாதனத்தின் பதில் வந்து சேரும்வரை கணினிப் பக்கத்துப் பெட்டியே கணினிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும். நேரச் சிக்கல் அங்கே தீர்கிறது. மிக மலிவான, அடாப்டரே இல்லாத ஜோடிகளில் அந்த மூளை கிடையாது. அவை கம்பியின் முனையை மாற்றித் தருவதோடு சரி. சிலவற்றின் வேகம் 12 மெகாபிட்டோடு நின்றுவிடும். வெப்கேமராவுக்கு அது உதவாது. இந்தக் கேபிளைப் பெரும்பாலும் நேராகத்தான் இழுக்க வேண்டும், நடுவே நெட்வொர்க் ஸ்விட்ச் கூடாது.

யூஎஸ்பி 3 வேகம் வேண்டுமானால் கணக்கே வேறு. 5 ஜிகாபிட்டுக்குச் செம்புக் கம்பி நடைமுறையில் 3 மீட்டர்தான் தாங்கும். மேலும் நீட்டினால், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடக்கூடும். அங்கே ஒளியிழைக் கேபிள்தான் சரி. அது பல பத்து மீட்டர் தூரம் போகும். விலை அதிகம், ஒரு திசையில் மட்டுமே மாட்ட முடியும், இறுக்கமாக மடிக்கவும் கூடாது. சிலவற்றில் யூஎஸ்பி 2.0 கம்பிகளே இருக்காது; கீபோர்டை மாட்டினால் அசைவே தெரியாது.

கேபிளே இழுக்காமல், உள்ள நெட்வொர்க்கின் வழியே யூஎஸ்பியை அனுப்பும் மென்பொருளும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2014 முதல் யூஎஸ்பி/ஐபி என்ற அத்தகைய மென்பொருள் இருக்கிறது. பிரிண்டருக்கும், மென்பொருள் உரிமத்துக்காகச் செருகும் யூஎஸ்பி சாவிக்கும் போதும். கேமராவுக்கு நம்ப மாட்டேன். பிரிண்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால் இதுகூட வேண்டாம், நேரே அதிலேயே இணைத்துவிடலாம்.