ஹேக்கத்தானா, பிரயாஸா, டைசன் விருதா: மாணவர் அணி எதற்கு விண்ணப்பிக்கலாம்?

ஒரு கல்லூரி அணி திருப்பூர் சாயக்கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு கருவி யோசித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காசுக்கு எங்கே போவது? யாரைக் கேட்டாலும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், நிதி பிரயாஸ், ஜேம்ஸ் டைசன் விருது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தொகையை விடுங்கள், பணம் கருவி செய்வதற்கு முன்னால் கைக்கு வருகிறதா பின்னால் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹேக்கத்தான் மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் போட்டி, 2017-ல் தொடங்கியது. அணிக்கு ஆறு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். போட்டியில் கொடுக்கப்படும் ஒரு பிரச்சினைக்கு ஒரு லட்சம் பரிசு என்பது பல வருடம் வழக்கமாக இருந்தது. மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம், ஹார்ட்வேருக்கு ஐந்து நாள் வரை. அந்த ஐந்து நாளில் நிறத்தை எடுத்துக் காட்டிவிடலாம், டம்ளரில் தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சாயத்தண்ணீரில் நிறம் பாதிப் பிரச்சினைதான், மீதி உப்பு. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை எட்டவில்லை என்றுதான் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. உப்பை ஆர்.ஓ.வில் பிரித்தாலும் மிஞ்சுகிற கரைசலைக் காய்ச்சியாக வேண்டும், அதற்கு எரிபொருள் செலவு, அப்புறம் ஆர்.ஓ.வில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் (சவ்வு) எப்போது அடைத்துக்கொள்ளும் என்பதை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அந்த மாதங்களுக்குக் காசு தருவது பிரயாஸ்தான். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம், புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்கள் வழியாக முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை. காகித வேலை ஜாஸ்திதான், ரசீதுகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

டைசன் விருது மாணவர் கண்டுபிடிப்புகளுக்கான உலகப் போட்டி, 2020-ல் இந்தியாவுக்கு வந்தது. தேசிய அளவில் 5,000 பவுண்டு, உலக அளவில் 30,000. நிலைத்தன்மைக்கென்று தனிப் பரிசும் அதே ஆண்டுதான் வந்தது. முதல் முறை அதை வாங்கியவர் பிலிப்பைன்ஸின் கார்வி மைக், வீணாகும் பயிரிலிருந்து எடுத்த பொருளை வைத்துப் புற ஊதாக் கதிரை மின்சாரமாக்கியவர். தொகை கவர்ச்சிதான், ஆனால் செய்து முடித்ததைக் காட்டினால்தான் அங்கே மதிப்பு.

அமெரிக்காவில் படிப்பவர்களுக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் பி3 என்ற மாணவர் திட்ட மானியம் உண்டு. 2004-ல் தொடங்கியது, அண்மைய அறிவிப்புகளில் இரண்டு ஆண்டுக்கு 75,000 டாலர் வரை. ஆனால் விண்ணப்பிப்பது பல்கலைக்கழகம், முன்னால் நிற்பவர் பேராசிரியர். அதனால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

சரி, வரிசை என்ன? யோசனையை நாலு பேர் முன்னால் உரசிப் பார்க்க ஹேக்கத்தான், செய்து பார்க்க பிரயாஸ், கருவி ஓடியபிறகு டைசன். அங்கே போகும்போது டம்ளர் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், பக்கத்தில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணும் தெரியட்டும்.