ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் கிளிக் யாருக்கு?

குமரி மாவட்டத்துக் குளங்களையும் சானல்களையும் (பாசனக் கால்வாய்களை) ஒரே திரையில் காட்ட, திரை மென்பொருள் எழுத உதவும் க்யூடி (Qt) என்ற கருவித்தொகுப்பில் சின்ன மென்பொருள் ஒன்று எழுதினேன். அடியில் குளம், அதை உரசிக்கொண்டு சானல், எல்லாவற்றுக்கும் மேலே பெயர்ச்சீட்டு. எதைக் கிளிக் செய்கிறோமோ அதன் விவரம் வரவேண்டும். இதற்கு வழி இரண்டு: ஒவ்வொன்றையும் தனித்தனி க்யூவிட்ஜெட்டாக (QWidget, திரையில் தனியாக நிற்கும் செவ்வகப் பகுதி) அடுக்கலாம், அல்லது எல்லாவற்றையும் க்யூகிராஃபிக்ஸ்வியூ (QGraphicsView) என்ற ஒரே வரைபரப்புக்குள் ஐட்டங்களாக, அதாவது வரைபொருட்களாகப் போடலாம். நான் பிடித்தது இரண்டாவதை.

எது மேலே, எது கீழே என்று வைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. விட்ஜெட்டில் மேலே தூக்க ரெய்ஸ், கீழே இறக்க லோயர்; ஐட்டத்தில் அடுக்கு வரிசையைச் சொல்லும் எண்ணான இசட் வேல்யூ.

மேலே இருப்பது இக்னோர் செய்த (எனக்கு வேண்டாம் என்று விட்ட) கிளிக் அடுத்து எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விட்ஜெட்டில் அது பேரன்ட்டுக்கு, அதாவது அதைத் தன்னுள் வைத்திருக்கும் தாய் விட்ஜெட்டுக்குப் போகும்; அடியில் கிடக்கும் சகோதர விட்ஜெட்டுக்குப் போகவே போகாது. தோவாளை சானல் கிளிக்கை வேண்டாம் என்று விட்டாலும் கீழே உள்ள குளத்துக்குத் தகவல் எட்டாது. மேலே உள்ள விட்ஜெட்டுக்கு ‘டிரான்ஸ்பரன்ட் ஃபார் மவுஸ் ஈவென்ட்ஸ்’ (மவுஸ் தகவலைத் தொடாமல் விடு) என்ற அமைப்பைப் போட்டால் எட்டும். ஆனால் அது பிள்ளை விட்ஜெட்டுகளையும் சேர்த்தே அடைத்துவிடும், பெயர்ச்சீட்டில் வைத்த மூடும் பட்டனும் செத்துப்போகும். தகவலை இடைமறித்துத் திருப்பிவிடும் ஈவென்ட் ஃபில்டர் எழுதிச் சமாளிக்கலாம்தான். ஆனால் எந்த விட்ஜெட்டுக்கு அனுப்புவது என்பதையும் ஆயத்தொலைவு மாற்றத்தையும் நாமே பார்க்கவேண்டும். புதிதாக ஓர் அடுக்கு வந்தால் மறுபடியும் அந்த நிரலைத் திறக்கவேண்டும். பராமரிப்பில் கழுத்தறுப்பது இதுதான்.

கிராஃபிக்ஸ்வியூவில் ஒரு ஐட்டம் பிரஸ்ஸை (மவுஸ் பட்டனை அழுத்தும் தகவலை) இக்னோர் செய்தால், அதே இடத்தில் அடுத்து கீழே இருக்கும் ஐட்டத்துக்கு அது தானே இறங்கும். அனந்தனார் சானல் போலச் சாய்ந்து வளைந்து ஓடும் கோட்டை விட்ஜெட்டாக்கினால், மாஸ்க் போட்டு வடிவத்தை வெட்டாதவரை அதன் செவ்வகம் முழுவதும் கிளிக்கை விழுங்கும். ஐட்டத்துக்கோ, கிளிக் எந்தப் பரப்பில் பட்டால் தனக்கு என்று சொல்லும் ஷேப் என்ற ஒன்று உண்டு. அதிலும் ஒரு குழி: வளைகோடு வரையும் ஐட்டமான க்யூகிராஃபிக்ஸ்பாத்ஐட்டத்தின் ஷேப், கோட்டோடு வளைவின் உள்பரப்பையும் சேர்த்துக்கொள்ளும். கோட்டுக்குத் தடிமன் கொடுக்கும் க்யூபெயின்டர்பாத்ஸ்ட்ரோக்கரால் கோட்டைவிடச் சற்று அகலமான பட்டையை உருவாக்கி, ஷேப்பில் அதை மட்டும் திருப்பி அனுப்பினால் சரியாகிவிடும். மெலிந்த சானலையும் எளிதாகப் பிடிக்கலாம்.

இன்னொன்று, நகர்த்தவோ தேர்ந்தெடுக்கவோ முடியாத ஐட்டம் பிரஸ்ஸைத் தானாகவே இக்னோர் செய்யும். பிரஸ்ஸை ஏற்காத ஐட்டத்துக்கு ரிலீஸும் (பட்டனை விடும் தகவலும்) வராது. ரிலீஸ் மட்டும் எழுதிவிட்டு “ஏன் மக்கா வரல?” என்று தேடவேண்டாம்.

டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள் என்று வந்தால் விட்ஜெட்தான் ராஜா. அவற்றை ப்ராக்ஸி விட்ஜெட் என்ற உறையில் போட்டு, ஐட்டங்கள் இருக்கும் சீனுக்குள் திணிக்கலாம், ஆனால் எண்ணிக்கை கூடினால் இழுக்கும். அதனால் நீர்மட்டம் பதியும் படிவத்தைச் சீனுக்கு வெளியே, பக்கத்திலேயே சாதாரண பேனலாக வைத்துவிட்டேன். எனக்குப் பழக்கம் மேசைக்கணினியும் மவுஸும்தான்; தொடுதிரைக்கு இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.